ஆறு கருவிகளில் எதை நம்புவது?

வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டுவதைப் பாளையங்கோட்டை வீட்டில், கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் பழகினேன். விமானம் செஸ்னா 172. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்தில் ஏறி மேற்கே திரும்பினால் பொதிகை; சாரல் காலத்து மேகத்தை வைத்துவிட்டால் மலை இருக்குமிடமே தெரியாது.

தெருவில் ஓர் அண்ணாச்சி, விமானப்படையில் கருவிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் கருவி முக்கியம் என்று அவரிடம் கேட்டேன். "அப்படிக் கேக்காத தம்பி. என்ன செய்யப் போறேன்னு சொல்லு, எதைப் பாக்கணும்னு சொல்லுதேன்" என்றார்.

நேராக, ஒரே உயரத்தில் போகிறோமா? உயரத்துக்கு ஆல்டிமீட்டர், இறக்கை சாயாமல் இருக்கத் திசைகாட்டும் கைரோ (உள்ளே சுழலும் சக்கரத்தால் இயங்குவது), எஞ்சின் விசைக்கு வேகமானி. நடுவில் இருக்கும், வெளியே தெரியாத அடிவானத்தைக் கோடாகக் காட்டும் செயற்கை அடிவானத்தில் மூக்கையும் சாய்வையும் வைத்துவிட்டு, அதன் பலனை மற்றவற்றில் சரிபார்க்க வேண்டும். கண் அங்கிருந்து ஒன்றுக்குப் போய், மறுபடி நடுவுக்கே வரும். ஏறி இறங்கும் வேகம் காட்டும் முள் மட்டும் நிலைகொள்ள 6 முதல் 9 விநாடி எடுக்கும். அதைத் துரத்தினால் மூக்கு ஆடிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் அண்ணாச்சிக்குப் பிடித்த பாடம்: காற்றை உறிஞ்சிக் கைரோக்களைச் சுழற்றும் வேக்குவம் பம்பின் பழுது. பழைய செஸ்னாவில் செயற்கை அடிவானமும் திசை கைரோவும் அந்தப் பம்பை நம்பித்தான் சுற்றுகின்றன. விமானம் திரும்பும் வேகத்தைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டருக்கு மின்சாரம். பம்ப் நின்றதும் அடிவானம் சட்டென்று விழாது. கைரோ வேகம் குறையக் குறைய மெதுவாகச் சாயும். அதை நம்பித் திருத்தினால் நேராகப் போகிற விமானத்தை நாமே சாய்க்கிறோம். எனக்கு டர்ன் கோஆர்டினேட்டர்மேல் தனி மரியாதை வந்தது இதனால்தான். அடிவானம் சாய்ந்து, இது நேராக நின்றால் பம்பின் இழுவையைக் காட்டும் சக்ஷன் கேஜைப் பார்க்க வேண்டும். அங்கே இழுவை இல்லையென்றால் பழுதான இரண்டையும் மறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கண் அங்கேயே போகும். காலண்டர் தாளைக் கிழித்து மானிட்டரில் ஒட்டினோம்.

மிச்சம் இருக்கும் காந்தத் திசைகாட்டி திரும்பும்போது முன்னும் பின்னும் போகும். அதனால் கடிகாரம்தான் துணை. விநாடிக்கு 3 டிகிரி வீதம், மலையை விட்டுக் கிழக்கே திரும்ப 180 டிகிரிக்கு சரியாக ஒரு நிமிடம். இறக்கையை நேராக்கி, திசைகாட்டி அடங்கிய பிறகு படித்தால் போதும்.

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு மேகத்துக்குள் சொல்லும் பொய்யை மட்டும் வீட்டு நாற்காலி காட்டாது. அதற்கு வெளியே தெரியாமல் கண்ணை மறைக்கும் ஹூட் மாட்டிக்கொண்டு பயிற்றுநரோடு நிஜ விமானத்தில்தான் ஏற வேண்டும்.