சுங்கை சிப்புட் சிறுகடன் அலுவலகம்: ஆள்சேர்ப்பு, சம்பளக் குறிப்புகள்

3 நவம்பர் 2025, திங்கள்

மலேசியாவில் சிறுகடன் தரும் நம் கிறிஸ்தவ அமைப்புக்கு, கடன் குழுக்களிடம் தவணை வசூலிக்கும் களப்பணிக்கு ஒரு ஆள் வேண்டும். விளம்பரத்தில் “ஊழிய பாரம் உள்ளவர்” (இறைப்பணியில் நாட்டம் உள்ளவர்) என்று மட்டும் போட்டால் சபைப் பாட்டுக் குழுவே திரண்டு வரும், மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் இல்லாமல். அதனால் முதல் வரியிலேயே: பி2 (மோட்டார் சைக்கிள்) லைசென்ஸ், சொந்த மோட்டார் சைக்கிள், தமிழும் மலாயும் எழுதப் பேசத் தெரிய வேண்டும், மாலைக் கூட்டம் உண்டு, அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட். பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சமே அதுதான். நன்கொடையில் ஓடும் அமைப்பு என்பதால் சலுகை கிடையாது.

போதகர் கடிதம் இருக்கட்டும். அவருக்கு அந்த ஆளின் ஜெபம் தெரியும், கல்லாக் கணக்கு தெரியாது. பழைய முதலாளிக்கும் போன் போட வேண்டும். தோட்டத்தில் கூட்டு (சீட்டு) பிடிப்பவரா என்றும் விசாரிக்க வேண்டும். 1971 சட்டப்படி கூட்டு நடத்துவதே குற்றம். தவிர, கூட்டுக்கும் கடன் தவணைக்கும் ஒரே வீட்டில் ஒரே ஆள் கை நீட்டினால் எந்தப் பணம் எதற்கு என்று பிறகு பிரிக்க முடியாது.

5 நவம்பர், புதன்

நேர்காணலில் சாட்சி (தன் விசுவாச அனுபவம்) சொல்லச் சொல்வதைவிட வசூல் தாளைக் கையில் கொடுப்பது மேல். பன்னிரண்டு பேர், ஆளுக்கு 40 ரிங்கிட், வர வேண்டியது 480. உறையில் 465 வைத்துக் கொடுக்கிறோம். என்ன செய்வீர்கள்?

“என் காசு 15 போட்டு, அடுத்த வாரம் வாங்கிக்கொள்வேன்” என்பவர் நல்ல மனசுக்காரர்தான், ஆனால் எடுக்கக் கூடாது. இன்று தன் காசைப் போடுபவர் நாளை வசூல் காசிலிருந்து அதை எடுத்துக்கொள்வார்; கையாடல் இப்படியும் தொடங்கும். சரியான பதில்: 465 என்றே எழுதி, குறைந்தது யார் தவணை என்று குறித்து, குழுத் தலைவியின் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

7 நவம்பர், வெள்ளி

ஊக்கத்தொகை பற்றிய விவாதம். 30 நாளுக்கு மேல் நிலுவை விழுந்த கடனின் விகிதத்தை மட்டும் வைத்துப் பணம் கொடுத்தால், பணியாளர் நிலுவையை மறைப்பார், அல்லது ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) வாங்கியாவது கட்டு என்பார். 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டு நுண்கடன் நிறுவனங்களின் வசூலைக் கட்டுப்படுத்தியது. இலக்கும் நெருக்கடியும் சேர்ந்த வசூல்தான் அங்கே பெரிய புகார். நம் ஏற்பாடு: பாஸ்புக்கும் பேரேடும் ஒத்துப்போவதற்குப் பாதி, தாமதத்தை அன்றே அறிவிப்பதற்குக் கால், நிலுவைக்குக் கால். புதுக் கடன் எண்ணிக்கைக்கு ஒரு காசும் இல்லை.

வசூலிக்கும் ஆளே ஜெபம் நடத்தவும் கூடாது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பெரும்பாலோர் இந்துக்கள். கோயிலுக்குப் போனால் கடன் கிடைக்காதோ என்று ஒருவருக்குத் தோன்றினாலும் தப்பு நம்முடையது.

10 நவம்பர், திங்கள்

காலை 8.30 ஜெபம் கட்டாயம் என்றால் அதுவும் வேலை நேரம்தான். மாலைக் கூட்டம் 8 மணிக்கு முடிந்தால் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பதினொன்றரை மணி நேரம். 1955 வேலைச் சட்டம் அதை 10 மணி நேரத்துக்கு மேல் விடாது. வாரத்துக்கு 45 மணி நேரம். கூட்ட நாளில் 11 மணிக்கு வரச் சொல்வதே வழி, ஜெபம் விருப்பத்துக்கு. மாலைக் கூட்டமும் வேண்டும், மிகைநேரமும் வேண்டாம் என்றால் வேறு வழியில்லை.

12 நவம்பர், புதன்

ஆண்டு விடுப்பில் ஒரு வாரமாவது தொடர்ச்சியாக எடுக்க வைக்க வேண்டும். அந்த வாரம் வேறொருவர் வசூலுக்குப் போய் ஒவ்வொரு பாஸ்புக்கையும் பார்க்கட்டும். வாங்காத கடன் யார் பெயரிலாவது இருந்தால் அப்போதுதான் வெளிவரும். “என் குழு என்னைத் தவிர யாரிடமும் கட்டாது” என்று லீவு எடுக்காத ஆளைப் பாராட்டாமல் முதலில் சரிபார்க்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் அன்றே நீக்கக் கூடாது. விசாரணை முடியும்வரை இரண்டு வாரம்வரை இடைநீக்கலாம், பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல். குற்றச்சாட்டு எழுத்தில், தேதி தொகையோடு. மன்னிப்பு என்பது சபை விஷயம். விசாரணைக் குழுவில் அதைப் பேச வேண்டாம்.

14 நவம்பர், வெள்ளி

அக்டோபர் சம்பளத்துக்கான இபிஎப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்பீடு) சந்தா நாளைக்குள் போக வேண்டும். இபிஎப்: ஊழியர் 11, முதலாளி 13 விழுக்காடு, மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட் வரை உள்ளவர்களுக்கு. ஊக்கத்தொகையைச் சேர்க்கணும், பெட்ரோல் படியைச் சேர்க்கக் கூடாது. மிகைநேரத்துக்கு இபிஎப் இல்லை, ஆனால் சொக்சோ உண்டு. சம்பளத் தாளில் அதிகம் குழம்பும் இடம் இதுதான். பெட்ரோல், ஊக்கத்தொகை, மிகைநேரம் மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி.