காணாமல் போனவர்களைத் தேடிய கிளாரா பார்ட்டன்: வாஷிங்டனிலிருந்து க்ளென் எக்கோ வரை

வாஷிங்டனுக்கு வருகிறவர்கள் வெள்ளை மாளிகை, லிங்கன் நினைவகம், விண்வெளி அருங்காட்சியகம் என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கேலரி பிளேஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்கி 7வது தெருவில் சில நிமிடம் நடந்தால் 437ஆம் எண் கட்டடம் வரும், அங்கே யாரும் நிற்பதில்லை. கீழே நின்று பார்த்தால் கடைத்தெருவில் இருக்கும் இன்னொரு பழைய கட்டடம், அவ்வளவுதான். அதன் மூன்றாம் தளத்தில்தான் 1865லிருந்து 1868 வரை, அமெரிக்க உள்நாட்டுப் போரில் காணாமல் போன படைவீரர்களைத் தேடித் தரும் அலுவலகம் நடந்தது. நடத்தியவர் கிளாரா பார்ட்டன், போர்க்களத்தில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டவர், பின்னால் அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கியவர். ஊரிலிருந்து அம்மா வந்தபோது முதலில் அங்கேதான் கூட்டிப் போனேன். அம்மா அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்கு லிங்கனைவிட கிளாராவைத்தான் பிடிக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

அந்த இடம் தப்பிப் பிழைத்ததே பெரிய கதை. கிளாரா 1868இல் காலி செய்துவிட்டுப் போனதும் மேல்தளம் மெல்ல மெல்லப் பூட்டிக் கிடந்து, எல்லோரும் அதை மறந்தே போனார்கள். கட்டடத்தை இடிக்கலாம் என்ற நிலையில் 1996இல் அரசுத் துறையைச் சேர்ந்த தச்சர் ஒருவர் அதைச் சோதித்துப் பார்க்க மேலே போயிருக்கிறார். கூரை இடுக்கிலிருந்து ஒரு காகிதம் தொங்குவதைப் பார்த்து ஏணி வைத்து ஏறினால், உள்ளே பழைய கடிதங்கள், துணிகள், கூடவே ஒரு பெயர்ப்பலகை: காணாமல் போன வீரர்கள் அலுவலகம், மூன்றாம் தளம், அறை எண் 9, செல்வி கிளாரா பார்ட்டன். அந்த ஒரு பலகை கட்டடத்தையே காப்பாற்றிவிட்டது. இப்போது அருங்காட்சியகம். திறந்திருக்கும் நாட்கள் குறைவு, நாள் பார்த்துவிட்டுப் போங்கள்.

உள்ளே பெரிதாக எதுவும் இல்லை. சின்னச் சின்ன அறைகள், பழைய மாதிரியிலேயே ஒட்டிய சுவர்த்தாள், மரத்தரை. ஆனால் இங்கே வந்த கடிதங்கள் 63,182. மகனைக் காணோம், கணவனைக் காணோம், கடைசியாக இந்தப் படைப்பிரிவில் இருந்தான், இந்தச் சண்டைக்குப் பிறகு தகவல் இல்லை என்று நாடு முழுவதிலுமிருந்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் படைவீரன் கழுத்தில் ராணுவம் கொடுத்த பெயர் வில்லை எதுவும் கிடையாது. செத்தால் பக்கத்தில் நின்றவன் சொன்னால்தான் உண்டு. கிளாராவும் அவரிடம் வேலை பார்த்த சில எழுத்தர்களும் பெயர்களை மாநில வாரியாகப் பட்டியல் போட்டு, அச்சடித்து, அஞ்சல் நிலையங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்பினார்கள். பட்டியலைப் பார்த்த பழைய வீரர்கள், "இவன் என் பக்கத்தில்தான் விழுந்தான், இன்ன இடத்தில் புதைத்தோம்" என்று எழுதினார்கள். அதைத் திருப்பிக் குடும்பத்துக்கு எழுதுவது கிளாராவின் வேலை. இப்படி 22,000க்கும் மேற்பட்டவர்களின் கதி தெரியவந்தது. முதலில் சொந்தப் பணத்தைத்தான் போட்டார், அப்புறம் 1866இல் நாடாளுமன்றம் 15,000 டாலர் ஒதுக்கியது.

நான் அம்மாவிடம், போர்க்கள நர்ஸாக இருந்தவர் கடைசியில் குமாஸ்தா வேலைக்கு வந்துவிட்டார் பார் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "இதுவும் நர்ஸ் வேலைதான்டா. ஊசி போடுறது, கட்டுக் கட்டுறதெல்லாம் பழகிடும். வெளியே நிக்கிற சொந்தக்காரங்ககிட்ட வந்து சொல்றோமே, அதுதான் பழகவே பழகாது. இந்தம்மா அதையே மூணு வருஷம் பண்ணியிருக்காங்க." இந்தப் பேச்சுக்குப் பிறகு மற்ற இடங்களையெல்லாம் நான் பார்த்த விதமே வேறு.

எல்லாக் கடிதமும் சோகக் கடிதம் அல்ல. பட்டியலில் தன் பெயரைப் பார்த்த ஒருவன், நான் என்ன குற்றம் செய்தேன், ஏன் ஊரெல்லாம் என் பெயரைப் போட்டு மானத்தை வாங்குகிறீர்கள் என்று கோபமாக எழுதியிருக்கிறான். உயிரோடு இருந்தும் வீட்டுக்கு ஒரு வரி எழுதாதவன். கிளாராவின் பதில் சூடானது: உன் அம்மா காத்திருந்தே செத்துப்போனாள், அவள் சாகும்போது கேட்டுக்கொண்டதால்தான் உன் தங்கை உன்னைத் தேடினாள், உன் குடும்பம் உன்னைப் பற்றி நினைத்த அளவுக்கு நீ அவர்களைப் பற்றி நினைக்கவில்லை என்று நேராகவே எழுதிவிட்டார். மென்மையே உருவான தேவதை என்று பள்ளிப் புத்தகங்களில் வருகிற கிளாராவைவிட இந்தக் கிளாராவை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

அவருடைய கோபத்துக்குப் பழைய காரணங்களும் உண்டு. 1821 டிசம்பர் 25 அன்று மாசசூசெட்ஸில் பிறந்தவர், இளம் வயதிலேயே ஆசிரியை ஆகிவிட்டார். 1852இல் நியூ ஜெர்சியின் போர்டன்டவுனில் இலவசப் பள்ளி ஒன்றை விரல்விட்டு எண்ணும் பிள்ளைகளோடு தொடங்கி, நூற்றுக்கணக்கில் வரும்படி வளர்த்தார். ஊர்க்காரர்கள் புதுக் கட்டடம் கட்டினார்கள், தலைமை ஆசிரியராக ஒரு ஆணைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவருக்கு 600 டாலர், இவருக்கு 250. விட்டுவிட்டு வாஷிங்டன் வந்து காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார், ஆண்களுக்குச் சமமாக ஆண்டுக்கு 1,400 டாலர். கூட வேலை பார்த்த ஆண்கள் தாழ்வாரத்தில் முகத்துக்கு நேரே புகையை ஊதுவார்களாம். அந்தக் கட்டடம்தான் இன்றைய ஸ்மித்சோனியன் ஓவியக்கூடம், 7வது தெரு அறையிலிருந்து நடந்துபோகிற தூரம். போரின்போது அதன் நீண்ட கூடங்களில் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே படுக்கை போட்டு மருத்துவமனையாக்கியிருந்தார்கள். அந்தக் கூடத்தில் நின்று அம்மா கட்டில் வரிசையை மனதுக்குள் எண்ணுகிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது.

1861 ஏப்ரலில் போர் தொடங்கியதும் மாசசூசெட்ஸ் படைப்பிரிவு ஒன்று பால்டிமோரில் கூட்டத்திடம் அடிவாங்கி, உடைமைகளை இழந்து வாஷிங்டன் வந்து சேர்ந்தது. அவர்களைத் தங்கவைத்தது நாடாளுமன்றத்தின் மேலவைக் கூடத்தில். அதில் சிலர் கிளாராவின் பழைய மாணவர்கள். வீட்டிலிருந்த துணி, சோப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனவர், அதற்கப்புறம் நிற்கவே இல்லை. பத்திரிகைகளில் வேண்டுகோள் வைத்துப் பொருள் திரட்டினார், அப்போது குடியிருந்த அதே 7வது தெரு அறையிலும் வாடகைக் கிடங்குகளிலும் அடுக்கினார், முன்னணிக்கே போக அனுமதி கேட்டு அதிகாரிகளைத் துளைத்தெடுத்து 1862 ஆகஸ்ட்டில் வாங்கியும்விட்டார். அரசு நியமித்த நர்ஸ்கள் அணியில் அவர் கடைசிவரை சேரவில்லை. மேலே யாரும் இருந்து நிறுத்திவைக்கக் கூடாது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அன்டீட்டம் போர்க்களத்துக்கு அடுத்து போனோம். மேரிலாந்தில் ஷார்ப்ஸ்பர்க் என்ற சின்ன ஊருக்கு வெளியே, வாஷிங்டனிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பச்சை வயல்கள், மர வேலிகள், தூரத்தில் நீல மலைத்தொடர். 1862 செப்டம்பர் 17, இந்த ஒரே நாளில் இரண்டு பக்கமும் சேர்த்துச் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் சுமார் 23,000 பேர். அமெரிக்க வரலாற்றிலேயே இவ்வளவு ரத்தம் சிந்திய வேறொரு நாள் கிடையாது. இன்றும் பருவத்தில் மக்காச்சோளம் விதைக்கிறார்கள், சண்டை நடந்த அதே வயலில்.

அந்தச் சோளத்துக்குக் கதையில் இடம் உண்டு. கிளாராவின் வண்டி வந்து சேர்ந்தபோது பண்ணை வீட்டில் அறுவை செய்துகொண்டிருந்த மருத்துவர்களிடம் கட்டுத்துணி தீர்ந்துபோயிருந்தது, சோள மட்டையை வைத்துக் காயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ராணுவத்தின் மருத்துவ வண்டிகள் எங்கோ பின்னால் மாட்டிக்கொண்டிருக்க, இந்த அம்மாள் ஒரு வண்டி நிறையத் துணியும் மருந்துமாக வந்து இறங்கினார். ஒரு வீரனைத் தூக்கித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது குண்டு ஒன்று அவருடைய சட்டைக் கையைத் துளைத்துப்போய் அந்த வீரனையே கொன்றது. அந்த ஓட்டையை அவர் கடைசிவரை தைக்கவில்லை. கன்னத்தில் குண்டு தங்கிய இன்னொருவன் வலி தாங்காமல் கெஞ்ச, பேனாக்கத்தியால் அவரே எடுத்திருக்கிறார். ராத்திரி ஆனதும் மருத்துவர்களிடம் இருந்தது ஒரு துண்டு மெழுகுவர்த்தி. கிளாரா லாந்தர் விளக்குகளும் கொண்டுவந்திருந்தார்.

குண்டு துளைத்த கதைக்கு அம்மாவிடம் பெரிய சலனம் இல்லை, விளக்குக் கதைக்குத்தான் நின்றார். "மருந்து எல்லாரும் கொண்டு வருவாங்க. வெளிச்சம் வேணும்னு முன்கூட்டியே யோசிச்சா பாரு, அவதான் நர்ஸ்." கரண்ட் போன ராத்திரிகளில் வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு நரம்பு தேடியவர் சொல்கிறார், அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

போர்க்களத்தின் வடக்கு ஓரத்தில் கிளாராவுக்கு ஒரு கல் இருக்கிறது. கரடுமுரடான கல், அதில் ஒரு செஞ்சிலுவை, அந்தச் சிலுவையை அவர் பிறந்த வீட்டின் செங்கல்லிலிருந்து செய்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் காரை நிறுத்தாமலே அதைக் கடந்து போகிறார்கள்.

போருக்குப் பிந்தைய கிளாராதான் எனக்கு முக்கியம். 1865 கோடையில் ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமுக்குப் போனார், வடக்குப் படையின் கைதிகள் ஏறக்குறைய 13,000 பேர் பசியிலும் நோயிலும் செத்த இடம் அது. அங்கே கைதியாக இருந்த டாரன்ஸ் அட்வாட்டர் என்ற பையன், இறந்தவர் பதிவேட்டை எழுதும் வேலையில் இருந்தபோது யாருக்கும் தெரியாமல் தனக்கென ஒரு பிரதி எழுதி ஒளித்துக்கொண்டுவந்திருந்தான். அதை வைத்துத்தான் கல்லறைகளுக்குப் பெயர் போட முடிந்தது, சுமார் 460 மட்டுமே பெயர் தெரியாமல் நின்றுபோயின. அந்தப் பையனையே பட்டியலைத் திருடினான் என்று ராணுவம் சிறையில் தள்ளியது, கேட்கவே கொடுமையாக இருக்கிறது. கிளாரா அவனுக்காகச் சண்டை போட்டார், அவன் வெளியே வந்த பிறகு 1866இல் பட்டியல் நியூயார்க்கில் அச்சேறியது.

உடம்பு உடைந்துபோய் ஓய்வுக்காக 1869இல் ஐரோப்பா போனவர் ஜெனீவாவில்தான் செஞ்சிலுவைச் சங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டார். ஓய்வு எங்கே எடுத்தார், அடுத்த வருடமே பிரான்சும் ஜெர்மனியும் மோத, ஸ்ட்ராஸ்பர்க்கில் ஏழைப் பெண்களுக்குக் கூலி கொடுத்துத் துணி தைக்கும் கூடம் தொடங்கிவிட்டார். சும்மா கொடுக்காமல் வேலையாகக் கொடுப்பது என்ற அந்த வழியை அவர் கடைசிவரை விடவில்லை. ஊர் திரும்பி, போரில் காயம்பட்டவர்களைக் காப்பதற்கான ஜெனீவா ஒப்பந்தத்தில் அமெரிக்காவைக் கையெழுத்துப் போட வைக்க வருடக்கணக்கில் அலைந்தார். 1881 மே மாதம் அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் உருவானது, 1882இல் ஒப்பந்தமும் ஏற்கப்பட்டது. போருக்கு மட்டும் எதற்கு, வெள்ளத்துக்கும் தீக்கும் புயலுக்கும் இந்தச் சங்கம் வரவேண்டும் என்று வாதாடி, 1884இல் உலக அமைப்பையே அதற்கு இணங்க வைத்ததும் அவர்தான். இன்று புயல் அடித்தவுடன் செஞ்சிலுவை வண்டி வருவதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்.

1889இல் பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் ஊருக்கு மேலே இருந்த அணை உடைந்து 2,209 பேர் இறந்தபோது ஐந்து மாதம் அங்கேயே தங்கினார். 1893இல் தென் கரோலினாவின் கடற்கரைத் தீவுகளைப் புயல் அழித்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின விவசாயிகள். சுமார் 30,000 பேருக்குப் பத்து மாதம் உதவி செய்தார், அதில் விதை கொடுத்து, வாய்க்கால் வெட்ட வைத்து, அடுத்த விளைச்சலுக்குத் தயார் செய்துவிட்டுத்தான் கிளம்பினார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட மேடைகளிலும் இருந்தார். நீங்கள் பலவீனமாக இருந்தபோது நான் உங்களுக்காக உழைத்தேன், இப்போது நீங்கள் எனக்குத் துணை நில்லுங்கள் என்று பழைய படைவீரர்களிடம் கேட்டவர் அவர். 1912இல் இறந்தார், வாக்குரிமை வந்தது 1920இல்.

க்ளென் எக்கோ, வாஷிங்டனை ஒட்டி போடோமாக் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். 1897இலிருந்து சாகும்வரை கிளாரா வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது, அனுமதி இலவசம், வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே விடுவார்கள். ஜான்ஸ்டவுனில் வீடிழந்தவர்களுக்காகக் கட்டிய விடுதியைப் பிரித்து, அந்த மரத்தைக் கொண்டுவந்து முதலில் கிடங்காகக் கட்டியது. அதனால் நடுவில் நீளமான கூடம், சுற்றிலும் மாடி நடைகள், நீராவிப் படகு மாதிரி. நடைகளின் இரு பக்கமும் ஆழமான அலமாரிகள், அதில் போர்வை, கட்டுத்துணி, உடை என்று எந்த நிமிடமும் கிளம்பத் தயாரான பொருட்கள். வீடு, அலுவலகம், கிடங்கு மூன்றும் ஒன்றே. அம்மா ஒரு அலமாரியைப் பார்த்து, ஸ்டாக் ரிஜிஸ்டர் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்கச் சொன்னார்.

சரியான கேள்விதான். 1904இல் அவர் சங்கத்தை விட்டு விலக நேர்ந்ததே இதனால்தான். கணக்கு ஒழுங்காக இல்லை, எல்லா அதிகாரத்தையும் ஒருவரே வைத்திருக்கிறார் என்று உள்ளுக்குள்ளேயே எதிர்ப்பு. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மேலே யாரும் இருக்கக் கூடாது என்ற அந்தப் பழைய குணம்தான் இத்தனையும் சாதிக்க வைத்தது, பெரிய சங்கத்தை நடத்த அது மட்டும் போதாது. ஆனால் பணத்தைச் சுருட்டினார் என்று எந்த விசாரணையும் சொல்லவில்லை. எண்பது வயதைத் தாண்டியவர், மறு வருடமே முதலுதவிப் பயிற்சிக்காகத் தனிச் சங்கம் தொடங்கிவிட்டார்.

வீட்டை ஒட்டியே க்ளென் எக்கோ பூங்கா, பழைய ராட்டினம் இன்னும் சுற்றுகிறது. கறுப்பினத்தவரை உள்ளே விடாத கேளிக்கைப் பூங்காவாக இருந்தது அது. 1960 ஜூனில் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் இந்த ராட்டினத்தில்தான் ஏறி உட்கார்ந்து கைதானார்கள், மறு வருடம் பூங்கா எல்லோருக்கும் திறந்தது. இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள்.

அடுத்த முறை அம்மா வரும்போது ஆண்டர்சன்வில்லுக்கே போவதாக முடிவு. காரில் முழு நாள் ஓட்டம், வழியில் தென் கரோலினாவில் ஒரு ராத்திரி தங்கலாம் என்றேன். அப்படியே அந்தத் தீவுகளையும் சேர்த்துக்கொள் என்று இப்போதே திட்டத்தில் ஒரு நாளைக் கூட்டிவிட்டார்.