சுங்கை சிப்புட் வீட்டில் மின்சாரக் கார் சார்ஜர் பொருத்திய கதை

பிஒய்டி டால்பின் என்ற மின்சாரக் காரை வாங்குவது என்று முடிவானதும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "இதற்கு எங்கே கரண்ட் ஏற்றுவது?" என்பதுதான். எங்களுடையது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பழைய வரிசை வீடு.

விற்பனையாளர் 22 கிலோவாட் சார்ஜரைப் புகழ்ந்து தள்ளினார். அதற்கு மும்முனை இணைப்பு வேண்டும். எங்களிடம் இருப்பது ஒருமுனை. தவிர, டால்பின் வீட்டு மின்சாரத்தில் 7 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது. அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் செருகும் கையடக்கச் சார்ஜரைப் பலர் இளக்காரமாகப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 10 ஆம்பியரில் மணிக்கு ஏறத்தாழ 2.3 யூனிட் ஏறும். ஈப்போவில் உள்ள பள்ளிக்குப் போய்வர 60 கிலோமீட்டர். ஒன்பது யூனிட் செலவாகலாம். தூங்கி எழுவதற்குள் ஏறிவிடும். சிக்கல் எங்கள் வீட்டுச் சுவருக்குள் இருந்தது.

வயர்மேன் அண்ணன் சார்ஜரைப் பற்றிக் கேட்கவே இல்லை. "டீச்சர், முதலில் மெயின் பெட்டியைத் திறந்து காட்டுங்கள்" என்றார். எர்த் கம்பி இற்றுப்போயிருந்தது. வாசல் பிளக், சமையலறை பிளக்குகளோடு ஒரே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. மணிக்கணக்கில் 10 ஆம்பியர் ஓடினால் பழைய பிளக் சூடேறி உருகிவிடும், எக்ஸ்டென்ஷன் வயரை நினைத்தே பார்க்காதீர்கள் என்றார்.

ஆக, எப்படியும் தனிக் கம்பி இழுக்கவேண்டும். கூலி மெல்லிய கம்பிக்கும் தடித்த கம்பிக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 10 சதுர மில்லிமீட்டர் கம்பியையே இழுத்து, 32 ஆம்பியர், 7 கிலோவாட் சுவர்ச் சார்ஜரை மாட்டிவிட்டோம். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்த பிறகே வேலையைக் கொடுத்தோம். புது எர்த், சார்ஜருக்கெனத் தனி ஆர்சிடி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி), இடிக்கு ஒரு சர்ஜ் பாதுகாப்புக் கருவி. பேராக்கின் மாலை இடியை அறிந்தவர்கள் கடைசிச் செலவை வீண் என்று சொல்லமாட்டார்கள்.

ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் மின்சார நிறுவனமான தெனாகாவின் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறலாம். வார நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரைதான் விலை அதிகம். வார இறுதியில் நாள் முழுவதும் குறைவு. காரில் டைமரைப் பத்து மணிக்கு வைத்திருக்கிறேன்.

சார்ஜர் செலவுக்கு 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை அதிகபட்சம் 2,500 ரிங்கிட் வருமான வரி விலக்கு உண்டு. ரசீது முதலில் கணவர் பெயரில் வந்தது. வரி கட்டுவது நான் என்பதால் என் பெயருக்கு மாற்றி வாங்கிக்கொண்டேன்.