இடிந்த வீட்டின் கற்களால் ஒரு வீடு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கில் எங்களுக்கு இருக்கும் நான்கு பரப்பு (ஏறத்தாழக் கால் ஏக்கர்) வளவில், 1990இல் போரால் இடம்பெயர்ந்தபோது விட்டுச் சென்ற, நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டிய நாற்சார் வீட்டின் சுவர்கள் இடுப்பளவு உயரத்தில் இன்னமும் நிற்கின்றன. ஓடு, வளை, நிலை, யன்னல் என்று கழற்றக்கூடியவை எதுவும் மிஞ்சவில்லை. காணி திரும்பக் கிடைத்தபின் வந்து பார்த்தவர்களில் பெரும்பாலானோர், இயந்திரத்தைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டுச் சீமெந்துக் கல்லால் புதிதாகக் கட்டும்படியே சொன்னார்கள். நானோ அந்தச் சுவர்களின் கற்களைக் கொண்டே, தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் இயன்றவரை வெளியாரை எதிர்பாராத ஒரு சிறிய வீட்டைக் கட்டத் திட்டமிட்டிருக்கிறேன்.

அந்த எண்ணம் உறுதியானது, எங்கள் ஊர் மேசன் ஒருவர் பழைய சுவரை அலவாங்கால் நெம்பிக் காட்டிய நாளில்தான். முதற்கல் சிரமமின்றிக் கழன்றது. அதில் ஒட்டியிருந்த சுண்ணாம்புச் சாந்தை விரலால் தேய்த்தபோது மாவாக உதிர்ந்து, உள்ளே சிறு சிப்பித் துண்டுகள் தெரிந்தன. பிறகு மேசன், ஐயா (என் அப்பா) எண்பதுகளில் சீமெந்துச் சாந்தால் கட்டிச் சேர்த்த குசினிச் சுவருக்குப் போனார். அங்கே சாந்து அசையவில்லை, கல்தான் உடைந்தது. “தம்பி, சுண்ணாம்பு கல்லை விட்டுக் குடுக்கும், சீமெந்து விடாது” என்றார். அதனால் சுவர்களை மறுபடியும் சுண்ணாம்புச் சாந்திலேயே கட்டுவது என்று முடிவு செய்தேன். அது இறுகுவதற்குக் காலம் எடுக்கும், ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கூலியும் கூடும். ஆனால் என் பிள்ளைகளின் பிள்ளைகள் இந்தக் கற்களை மூன்றாம் முறையும் எடுத்துக் கட்டலாம். உடைந்த குசினிச் சுவரும் வீணாகாது. 2008 நவம்பரில் நிஷா புயலின் மழையால் குடாநாட்டில் வெள்ளம் நின்றதை நினைத்து அத்திவாரத்தை உயர்த்தவிருக்கிறேன், அதற்குள் இட்டு நிரப்ப அந்த இடிபாடு போதும். புதிதாகச் சுண்ணக்கல் அகழ்வதை நான் விரும்பாததற்குக் காரணமும் உண்டு: இங்கே கல்லுக்குள்தான் எங்கள் நிலத்தடி நீர் இருக்கிறது.

மீள்பயன்பாட்டு வீடு என்றவுடன் பலரும், அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மைக்கல் ரெனோல்ட்ஸ் எழுபதுகளில் கட்டத் தொடங்கிய ‘ஏர்த்ஷிப்’ வீடுகளையே எடுத்துக் காட்டுகிறார்கள். பழைய டயர்களுக்குள் மண்ணை இடித்து இறுக்கி எழுப்பும் அந்தத் தடித்த சுவர்களை நான் மதிக்கிறேன். ஆயினும் அவை பகலில் வெயிலும் இரவில் கடுங்குளிரும் உள்ள வறண்ட மேட்டு நிலத்துக்கு உரியவை. பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் மெல்ல வெளிவிடும் சுவர் அங்கே வரம், வைகாசி மாதப் புழுக்கத்தில் படுத்துறங்கும் எங்களுக்கு அது தண்டனை. எங்களுக்கு வேண்டியது காற்றோட்டம், நீண்ட இறவாரம், நிழல் விழும் விறாந்தை, நடுவில் ஒரு முற்றம். தவிர, மழைநீர் தேங்கும் டயர் டெங்கு நுளம்புக்குத் தொட்டில் என்பதால், கட்டி முடியும்வரை வளவில் நூற்றுக்கணக்கான டயர்களைக் குவித்து வைக்க என் மனம் ஒப்பவில்லை.

தன்னிறைவு என்று நான் சொல்லும்போது முதலில் நினைப்பது தண்ணீரையே. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டில் கிணறுதான் எல்லாம். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று என்னும் உப்பு கூடியிருக்கிறது, கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் மழைநீரையே சேர்க்கப் போகிறேன். 900 சதுர அடிக் கூரை ஏறத்தாழ 84 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் என்று வைத்து, ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், 80,000 லீற்றர் கிடைக்கும். அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் கொட்டிவிடும் என்பதால், மழையற்ற 270 நாட்களுக்கு நால்வருக்கு ஆளுக்குப் பத்து லீற்றர் என்று கணக்கிட்டால் 10,800 லீற்றரைச் சேமித்தாக வேண்டும். கம்பிவலையும் சீமெந்தும் கொண்டு 12,000 லீற்றர்த் தொட்டி ஒன்றைக் கட்டுவேன், சீமெந்தை நான் மனமொப்பிச் செலவழிக்கும் இடம் அதுதான். பீலியில் வரும் முதல் மழைநீர் கூரைத் தூசியோடு வெளியே போக ஒரு திருப்புக் குழாயும், தொட்டி வாயில் நுளம்பு வலையும் இருக்கும். மிகுந்த நீர் வடிகட்டியூடாகக் கிணற்றுப் பக்கம் நிலத்துக்குள் இறங்கும். குளித்த நீரையும் குசினி நீரையும், எங்கள் அம்மம்மா செய்ததுபோலவே, வாழைக்கு விடுவோம். மலக்குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, அடியும் பக்கங்களும் கசியாதபடி கட்ட வேண்டும், ஏனெனில் எங்கள் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் அழுக்கை வடிகட்டாமலே கொண்டுபோகும்.

மரத்தில் ஒருமுறை ஏமாந்தேன். பழைய சாமான் கடை ஒன்றில் ஆறு பனங்கைமரங்களை வெளிப்பக்கத்து வைரத்தின் கறுப்பைப் பார்த்தே வாங்கிவந்தேன். வீட்டில் ஓடாவியார் சுத்தியலால் தட்டியபோது இரண்டு மட்டுமே கணீரென்றன. மற்ற நான்கையும் கறையான் உள்ளே அரித்திருந்தது. இப்போது ஒவ்வொன்றையும் இரு முனையிலும் நடுவிலும் தட்டிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. பழைய அஸ்பெஸ்டஸ் தகடுகளைச் சும்மா தருவதாகச் சிலர் சொன்னார்கள், அவற்றை வெட்டும்போது பறக்கும் தூசு நெஞ்சுக்குக் கேடு என்பதால் மறுத்துவிட்டேன். கூரைக்குப் பழைய ஓடு, ஆயிரம் இரண்டாயிரமாகச் சேர்ந்து வருகிறது.

2022 மார்ச் இறுதியில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டை அனுபவித்தவர்களுக்குச் சூரியமின்கலம் ஏன் என்று விளக்கத் தேவையில்லை. விளக்கு, மூன்று மின்விசிறி, ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டி, கிணற்று மோட்டர் ஆகியவற்றுக்கு வேண்டிய அளவே போடுவேன். மின்சாரத்தைத் தேக்கும் பற்றரியை மட்டும் பழையதாக வாங்க மாட்டேன்.

இதுவரை 640 கற்களைக் கழற்றி, சாந்து சுரண்டி, வேம்பின் கீழ் அடுக்கியிருக்கிறோம். ஐயா ஒவ்வொரு மாலையும் கதிரையைப் போட்டு இருந்து, எது சாமியறைச் சுவர்க் கல், எது கிணற்றடிக் கல் என்று பிரித்து வைக்கச் சொல்கிறார். சுவர் எழும்புவது அடுத்த ஆண்டில்தான். புரட்டாதி முடிவதற்குள் தொட்டியையும், அதற்கு நீர் சேர்க்கத் தற்காலிகக் கூரைக் கொட்டில் ஒன்றையும் முடித்துவிட்டால், வரும் ஐப்பசி மழையை வீணாக்காமல் பிடித்துவிடலாம்.