துப்பாக்கிகளுடன் ஓசூருக்கு

22 மே 2024, புதன்

ஓசூருக்கு வீடு மாறுகிறோம். சாமான்களைக் கணக்கெடுக்க வந்த லாரி நிறுவன இளைஞர் கட்டில், அலமாரி, தையல் இயந்திரம் என்று எழுதிக்கொண்டே மாடிக்கு வந்தார். சுவரோரம் கிடந்த நீண்ட பெட்டிகளைப் பார்த்து, "இது திரைச்சீலைக் கம்பியா சார்?" என்று கேட்டார். துப்பாக்கிப் பெட்டிகள், இப்போது காலி என்றேன். உடனே தம் படிவத்தின் மறுபக்கத்தைக் காட்டினார். எரிவாயு உருளை, பெட்ரோல், அமிலம், ஆயுதம் ஆகியவற்றை லாரியில் ஏற்றுவதில்லை என்று அச்சாகியிருந்தது. அவர்கள் ஏற்ற முன்வந்தாலும் நான் கொடுக்கப் போவதில்லை. உரிமத்தில் யாருடைய படம் ஒட்டியிருக்கிறதோ அவருடைய கண்பார்வைக்கு வெளியே துப்பாக்கி பயணம் செய்யக் கூடாது என்பது அப்பா வைத்துவிட்டுப் போன ஒழுங்கு.

23 மே

மழை. நாள் முழுவதும் மழை.

25 மே

தேர்தல் தேதி அறிவித்த மார்ச் 16க்குப் பிறகு, ஊரில் உரிமம் வைத்திருப்பவர்கள் எல்லோரையும் போல நாங்களும் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். எங்கள் பகுதியில் நாடாளுமன்றத் தேர்தலோடு விளவங்கோடு இடைத்தேர்தலும் சேர்ந்து ஏப்ரல் 19இல் முடிந்துவிட்டது. ஆயினும் ஜூன் 4இல் எண்ணி முடித்து நடத்தை விதிகள் விலக்கப்படும்வரை அவை அங்கேதான் இருக்கும். லாரி ஜூன் 14க்குப் பேசியாகிவிட்டது.

பாதுகாப்பைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பூட்டும் காவலும் அங்கே இருக்கின்றன. என் கவலை ஈரம். பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்து ஈரத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும், எண்ணெய் காய்ந்த எஃகில் பழுப்பு ஏறுவதற்கு ஒரு வார மழை போதும். கொடுக்கும்போது குழல்களின் உள்ளும் புறமும் எண்ணெய் தடவித்தான் கொடுத்தேன். ஆனால் துணி உறை ஈரத்தை இழுத்து உலோகத்தோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். அந்த இரட்டைக்குழல் துப்பாக்கி பர்மிங்காமில் செய்தது. அங்கே 1813 முதல் சோதனைச் சாலை ஒன்று இருக்கிறது. அளவுக்கு மீறிய மருந்தை வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலில் மட்டும் முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரைகள் அமைந்திருக்கும் தட்டையான அடிப்பாகத்தில்தான் ஈரம் முதலில் தங்கும்.

27 மே

இன்று முழுவதும் ஒரே கேள்வி. என் உரிமத்தில் இரண்டு இருக்கின்றன: பன்னிரண்டு போர் (குழல் துளையின் அளவு) இரட்டைக்குழலும், .22 ரைஃபிளும். மூன்றாவது ஒன்று இருந்தது. 2019 டிசம்பரில் படைக்கலச் சட்டத்தைத் திருத்தி ஒருவருக்கு இரண்டு என்று ஆக்கியபோது, ஒரு வருட அவகாசத்துக்குள் அதை ஒப்படைத்துவிட்டேன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

என் மனைவி பெயரிலுள்ள ஒற்றைக்குழல், இவளுடைய அப்பாவிடமிருந்து வாரிசு முறையில் வந்த இஷாப்பூர் துப்பாக்கி. முதுகுத்தண்டு வலிக்கு மருத்துவம் பார்ப்பவர், நீண்ட தூரம் காரில் உட்கார வேண்டாம், படுத்துக்கொண்டே ரயிலில் போகலாம் என்கிறார். நாகர்கோவிலிலிருந்து பெங்களூர் போகும் ரயில் ஓசூரில் நிற்கும். அதில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் இவள் ரயிலிலும் இவளுடைய துப்பாக்கி என் காரிலும் போனால், அந்த 600 கிலோமீட்டருக்கும் மேலான சாலையில் அது யாருடைய பொறுப்பில் இருக்கிறது? சட்டத்தின் மூன்றாம் பிரிவு உரிமம் இல்லாதவர் எடுத்துச் செல்ல ஒரு விலக்குத் தருகிறது: உரிமதாரரின் முன்னிலையிலோ அவருடைய எழுத்துப்பூர்வமான அனுமதியுடனோ, பழுது பார்க்கவும், உரிமம் புதுப்பிக்கவும், அவருடைய பயன்பாட்டுக்காகவும். வீடு மாறுவது அந்தப் பட்டியலில் இல்லை. கணவன் மனைவி என்பதும் இல்லை. ஒரு வீட்டில் இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே பீரோவில் இருந்தவை என்று வழியில் நிறுத்தும் அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

உரிமம் பெற்ற கடையில் பாதுகாப்புக்கு ஒப்படைத்துவிட்டு, இவள் உடம்பு தேறிய பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். பதில் வரவில்லை.

28 மே

"எங்க அப்பாக்க துவக்கு. நான் அதுகூட காரில வாறேன். இரண்டு மணிக்கூருக்கு ஒருக்கா நிறுத்துங்க" என்றாள். பேச்சு முடிந்தது.

30 மே

பருவமழை கேரளத்தில் தொடங்கிவிட்டதாகச் செய்தி. பிரதமர் விவேகானந்தர் பாறைக்கு வந்திருப்பதால் காவலர்கள் பெரும்பாலும் கன்னியாகுமரிக்குப் போயிருக்கிறார்கள். விசாரிக்கப் போகவில்லை.

2 ஜூன், ஞாயிறு

நிலையத்தில் ஒப்படைக்காத ஒன்றைப் பரணிலிருந்து இறக்கினேன்: கொள்ளுத்தாத்தாவின் வாய்வழி மருந்திடும் துப்பாக்கி. பின்புறம் அடைத்து, எந்தப் பழுது பார்ப்பாலும் மீண்டும் சுட முடியாத நிலையில் இருக்கிறது. படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இத்தகைய பழம்பொருளுக்கு விலக்குத் தருகிறது. அதற்கான காகிதமும் கூடவே வரும். இருந்தாலும் அப்பா கற்றுத்தந்த சோதனையைச் செய்யாமல் பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. குழலுக்குள் கோலை முட்டும்வரை விட்டு, வாயின் விளிம்பில் பென்சிலால் குறித்து, வெளியே எடுத்துக் குழலின் மேல் கிடத்திப் பார்க்க வேண்டும். கோலின் நுனி மருந்துத் துளைக்கு முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். நூறு ஆண்டுகளுக்கு முன் கெட்டித்த மருந்தும் காய்ந்திருந்தால் தீப்பிடிக்கும். உள்ளே எதுவும் இல்லை.

உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர் படைத்தளபதி டிலனாய் பீரங்கி வார்த்த காலத்தில் செய்தது இது என்று குடும்பத்தில் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. டிலனாய் இறந்தது 1777இல். இது தட்டினால் வெடிக்கும் கேப்பு வகை, அந்த வழிக்கு ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் காப்புரிமை பெற்றதே 1807இல்தான். கதை பொய் என்பதால் துப்பாக்கியின் அருமை குறைந்துவிடாது. எங்கள் மலைத்தோட்டத்து மரச்சீனியை (மரவள்ளியை)ப் பன்றிகளிடமிருந்து காத்தது இதுதான்.

4 ஜூன்

எண்ணிக்கை நடக்கிறது. தொலைக்காட்சியை மகன் பெங்களூரிலும் நான் இங்குமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவனுக்குக் கட்சி, எனக்குத் தேதி.

6 ஜூன்

விதிகள் விலக்கப்பட்டன. இனி துப்பாக்கிகளைத் திரும்பப் பெற மனு.

11 ஜூன், செவ்வாய்

வந்துவிட்டன. உரிமத்தில் உள்ள எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் குழலில் வெட்டியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று மூன்றையும் அங்கேயே வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்திட்டேன்.

வீட்டில் ஒவ்வொன்றையும் திறந்து, அறை காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்தேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது இரட்டைக்குழலின் உட்புறம் இரண்டும் கண்ணாடி போல் இருந்தன. அடிப்பாகத்தில், நான் பயந்த அதே இடத்தில், மிளகளவு பழுப்பு. மிக நுண்ணிய எஃகு நூலில் எண்ணெய் தொட்டு மெல்லத் தேய்த்ததில் போய்விட்டது, முத்திரைக்குச் சேதமில்லை. கையுறை அணிந்துதான் வேலை செய்தேன். விரல் வியர்வையின் உப்பும் துருவைக் கொண்டுவரும். மரத்தில் எண்ணெய் அதிகம் ஊறினால் கட்டை மென்மையாகிவிடும் என்பதால் உலோகத்துக்கு மட்டும் மெல்லிய பூச்சு.

13 ஜூன்

கட்டும் வேலை முடிந்தது. இரட்டைக்குழலின் முன்கட்டையைக் கழற்றி, குழலையும் அடிக்கட்டையையும் பிரித்துத் தனித்தனி உறையில் இட்டேன். ரைஃபிளின் போல்ட் (குழலின் பின்புறத்தை அடைக்கும் தாழ்) தனிப் பெட்டியில், தோட்டாக்கள் கடையிலிருந்து வந்த அட்டையோடு வேறொரு இரும்புப் பெட்டியில், வேறு பூட்டுடன். தோட்டாக்களின் எண்ணிக்கையை உரிமத்தோடு இரண்டு முறை சரிபார்த்தேன். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டி அடுப்பாகிவிடும்; ஆகவே தோட்டாப் பெட்டி குளிர்சாதனம் எட்டும் இடத்தில், என் இருக்கைக்குப் பின்னால் இருக்கும். பெட்டிகளின் மேல் எந்த எழுத்தும் இல்லை. துப்பாக்கிப் பெட்டிகளின் உள்ளே பஞ்சு மெத்தை இருக்கிறது. அது ஒரு நாள் பயணத்துக்கு நல்லது, மாதக்கணக்கில் வைத்தால் ஈரத்தைப் பிடித்துவைக்கும். போன அன்றே வெளியே எடுக்க வேண்டும். மறக்காமல் இருக்கத்தான் இங்கே எழுதுகிறேன்.

மகன் தொலைபேசியில், முதல் இரவு தன் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் ஓசூர் போகலாமே என்றான். "முடியாது மக்களே" என்றேன். எங்கள் உரிமம் தமிழ்நாடு முழுவதும் செல்லும். கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளிக்கு அந்தப் புறம் செல்லாது. ஒரு இரவுக்காக எல்லை தாண்ட மாட்டேன்.

14 ஜூன்

லாரி போய்விட்டது.

16 ஜூன், ஞாயிறு

நேற்று விடிவதற்கு முன்பே புறப்பட்டோம். வண்டி ஓட்டியவர் இவளுடைய தம்பி. நான் முன்னிருக்கையில், இவள் இடுப்புப் பட்டையுடன் பின்னால். அசல் உரிமங்கள் என் சட்டைப்பையிலும் இவளுடைய பையிலும். ஆரல்வாய்மொழியில் காற்று காரை ஆட்டியது. அங்கே இவள் அப்பா வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை. நிறுத்திய இடங்களில் எல்லாம் ஒருவர் இறங்கினால் உரிமதாரர் ஒருவர் காரில் இருந்தார். உணவு விடுதிக்குள் சேர்ந்து போகவே இல்லை. வாடிப்பட்டிக்கு அப்பால் இவள் வலி தாங்காமல் அழுதாள். மர நிழலில் வண்டியை நிறுத்தி நடக்கவைத்தேன். திரும்பிவிடலாமா என்று கேட்டதற்குத் தலையசைத்து மறுத்தாள். திண்டுக்கல், கரூர், சேலம், தொப்பூர் ஏற்றம். இரவில் வழியில் தங்கவில்லை. எங்கேயும் யாரும் சோதிக்கவில்லை.

வந்ததும் பெட்டிகளைத் திறந்து, துடைத்து, சுவரில் பொருத்திய இரும்பு அலமாரியில் வைத்த பிறகுதான் சாப்பிட்டோம்.

18 ஜூன்

நேற்று பக்ரீத் விடுமுறை. இன்று இருவரும் ஆட்சியர் அலுவலகத்தில் முகவரி மாற்றத்தைத் தெரிவித்து, எங்கள் அடையாள எண்களோடு தனித்தனி மனுக் கொடுத்தோம். இவளால் நிற்க முடியாததால் ஒரு ஊழியர் தாமே நாற்காலி கொண்டுவந்து போட்டார். இரண்டு ஒப்புகைச் சீட்டுகளும் கையில் இருக்கின்றன. விசாரணைக்குக் காவல் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவார்கள் என்று சொன்னார்கள். கொள்ளுத்தாத்தாவின் துப்பாக்கிக்கான காகிதத்தை மேலே எடுத்து வைக்க வேண்டும்.