லேட்டஸ்ட் ஃபைனல்

"இன்னும் ஒரே ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணிடறேன்."

புதிதாக மேலாளர் ஆன தோழி இன்று திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு மென்பொருள்களில் எதை வாங்குவது என்று ஓர் எக்செல் கோப்பு. கீழே வரிசையாகத் தாள்கள்: 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'லேட்டஸ்ட் ஃபைனல்'.

மூன்றிலும் முதலிடத்தில் இருந்தது ஒரே மென்பொருள்தான்!

"சரிப்படலைன்னா மாத்த முடியாதா?"

"மாத்தலாம். மாதச் சந்தாதானே."

அங்கேயே மின்னஞ்சலை அனுப்பிவிட்டார்.

பெரும்பாலான முடிவுகளுக்கு, வேண்டிய தகவலில் 70 சதவீதம் இருந்தாலே போதும் என்று அமேசானின் 2016-ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் எழுதினார். 90 வரை காத்திருந்தால் தாமதம்தான். ஒருவரை வேலையை விட்டு அனுப்புவது போன்ற, எளிதில் மாற்ற முடியாத முடிவுகள் வேறு. அவற்றுக்கு எத்தனை இரவு யோசித்தாலும் தகும்.

மற்றபடி, மேலாளர் யோசித்துக்கொண்டே இருந்தால் மொத்தக் குழுவும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. கேட்டால் கோபப்படுவாரோ என்று யாரும் கேட்பதும் இல்லை. அந்தக் காத்திருப்பு எந்தத் தாளிலும் செலவாக ஏறுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இன்று முடிவெடுக்க முடியவில்லையா, சரி. "வெள்ளிக்கிழமை சொல்கிறேன்" என்றாவது சொல்லிவிடுங்கள். அதுவரை அவர்கள் வேறு வேலையைப் பார்ப்பார்கள்.