சீனி எந்த நாட்டுச் சீனி? ஃபாரம் டி வாங்கிய கதை

போன வாரம் தாய்லாந்தின் ஹாட்யாயிலிருந்து "சரக்கு வந்துவிட்டது, வரி இல்லை" என்று செய்தி வந்தது. ஃபாரம் டி இருந்ததால்தான் அது. பொருள் ஆசியான் நாடு ஒன்றில் உருவானது என்று காட்டி, வரிச் சலுகை வாங்கித் தரும் சான்று அது. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆசியான் என்ற தென்கிழக்காசியக் கூட்டமைப்பு நாடுகளுக்கு முதல் தடவையாகச் சரக்கு அனுப்பப் போகிறவர்கள் தயவு செய்து படியுங்கள். நான் இரண்டு மாதம் அலைந்தது போல நீங்கள் அலைய வேண்டாம்.

எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்து ஜாதிக்காய் இனிப்பு போடுகிறோம். எல்லாம் பினாங்கின் பாலிக் புலாவ் காய். தோல் சீவி, கொட்டையை எடுத்துவிட்டு, சதையைக் கீறி உப்புத் தண்ணீரில் போட்டு, அப்புறம் சீனிப் பாகில் ஊறவைத்து வெயிலில் காயவைப்போம். பினாங்குக்கு வந்த ஹாட்யாய்க்காரர் ஒருவர் வாங்கித் தின்று பார்த்துவிட்டு, தன் கடைக்குக் கேட்டார்.

மாதிரிப் பெட்டிகள் இரண்டு தடவை ஒரு கேள்வியும் இல்லாமல் போயின. அங்கேதான் ஏமாந்தேன். ஆசியான் சரக்கு வர்த்தக ஒப்பந்தத்தின்படி 200 அமெரிக்க டாலருக்கு மேற்படாத சரக்குக்கு ஃபாரம் டி தேவையில்லை. ஏற்றுமதி செய்கிறவரின் சாதாரண அறிவிப்பு போதும். இது தெரியாமல், பெரிய சரக்கும் இப்படித்தான் போகும் என்று நம்பிவிட்டேன்.

அறுபது பெட்டிக்கு ஆர்டர் வந்தது. கம்பெனிப் பதிவு, கணக்குத் திறப்பு எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன. பட்டர்வொர்த்தில் ஒரு ஏஜென்ட்டைப் பிடித்தேன். "நீங்க கவலைப்படாதீங்க அக்கா, பேப்பர் எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்றார். ஃபாரம் டிக்கு முன்னால் பொருளின் செலவுக் கணக்கைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அதில் எந்த அடிப்படையில் இது நம் நாட்டுப் பொருள் என்று ஒரு குறியீடு போட வேண்டும். காய் நம் மண்ணில் விளைந்தது, செய்வது நம் வீட்டுக் கொல்லையில். 'முழுக்க இங்கேயே கிடைத்தது' என்பதற்கான 'டபிள்யூஓ' என்ற இரண்டு எழுத்தைப் போட்டு அனுப்பினேன்.

திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது ஏஜென்ட்டுக்குத் தெரிந்து ஐந்து நாள் ஆகியும் அவர் எனக்குச் சொல்லவில்லை. லோரி புறப்பட்டு எல்லை ஊரான பாடாங் பெசார் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. சான்று இல்லாத சரக்குக்கு ஹாட்யாய்க்காரர் முழு வரியைக் கட்டினார். அதை நான் பில்லில் கழித்துக் கொடுத்தேன். அந்தத் தடவை லாபம் என்று ஒரு காசு மிஞ்சவில்லை. அம்மாவிடம் சொல்லவே மனம் வரவில்லை.

மறுநாள் காலை நானே சான்று தரும் அலுவலக அதிகாரிக்குப் போன் செய்தேன். பொறுமையாகப் பேசினார். ஒரே கேள்விதான் கேட்டார்: "சீனி எங்கிருந்து?"

நான் அடுக்களைக்குப் போய் ஐம்பது கிலோ மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மலேசியத் தயாரிப்பு என்று நீல எழுத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. அதைச் சொன்னேன். "சுத்திகரித்தது இங்கே. கரும்பு எங்கே விளைந்தது?" என்றார். பெர்லிஸில் சுப்பிங் பக்கம் ஒரு காலத்தில் கரும்பு போட்டார்கள் என்பது நினைவுக்கு வந்தது. ஆனால் இன்றைக்கு நம் ஆலைகளில் சுத்திகரிக்கும் சீனிக்கு மூலச்சீனி பிரேசில் மாதிரி நாடுகளிலிருந்து கப்பலில்தான் வருகிறது. வெளிநாட்டுச் சீனி சேர்ந்த பொருளை 'முழுக்க இங்கேயே கிடைத்தது' என்று சொல்ல முடியாது.

இத்தனைக்கும் பொருள் தகுதியானதுதான். அதற்கு வேறோர் அடிப்படை இருக்கிறது: விலையில் 40 விழுக்காடு ஆசியான் நாடுகளில் சேர்ந்த மதிப்பாக இருந்தால் போதும். எங்கள் இனிப்பில் காய், கூலி, விறகு, பெட்டி என்று எல்லாம் கூட்டினால் அதற்கு மேலேயே வருகிறது. தவறு அந்த இரண்டு எழுத்தில் மட்டும்தான்.

சரி, கணக்கைத் திருத்தலாம் என்றால் சீனிக்குச் சரியான ரசீது வேண்டும். மொத்தக்கடை தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், கேட்டேன். "இருபது வருஷமா சீனி விக்கிறேன், யாரும் இப்படிக் கேட்டதில்லை" என்றார். கையெழுத்து ரசீதில் 'குலா' (மலாயில் சீனி) என்று எழுதி ஒரு தொகை, அவ்வளவுதான். முறையான ரசீதுக்காக மூன்று தடவை பாலம் கடந்து போனேன். இரண்டாவது தடவை கடையே பூட்டியிருந்தது. கடைசியில் அவர் மகள் கணினியில் அடித்துக் கொடுத்தாள், எந்த ஆலைச் சீனி என்பது உட்பட. அந்தப் பெண்ணுக்கு ஒரு டப்பா இனிப்பு கொடுத்துவிட்டு வந்தேன்.

அதோடு முடியவில்லை. ஏஜென்ட் தயாரித்த விலைப்பட்டியலில் எச்எஸ் குறியீடு, அதாவது சுங்கத்துக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எண், 0908 என்று இருந்தது. அது ஜாதிக்காய் வாசனைப்பொருளாகப் போகும்போது. சீனிப் பாகில் ஊறிக் காய்ந்தது 2006. விண்ணப்பத்தில் ஒன்று, பட்டியலில் இன்னொன்று இருந்தால் எல்லையில் நிச்சயம் கேட்பார்கள். இரவு பதினோரு மணிக்கு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஏஜென்ட் தாளை ஒருபோதும் பார்க்காமல் விடாதீர்கள்.

இன்னொன்று. சரக்கு போன பிறகும் ஒரு வருடத்துக்குள் ஃபாரம் டி வாங்கலாம். பின்னால் வழங்கப்பட்டது என்று அதில் குறித்துத் தருவார்கள். முதல் சரக்குக்கு நானும் கேட்கலாம் என்றிருந்தேன். ஆனால் கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு அலைய நேரமில்லை என்று ஹாட்யாய்க்காரர் சொல்லிவிட்டார். ஆகவே லோரி புறப்படும் முன்பே சான்று கையில் இருக்கட்டும். தாய்லாந்துக்குச் சான்று மின்வழியிலேயே போய்விடுகிறது. 2018 முதல் நடப்பில் இருக்கிறது. தாளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. கணக்குத் தாள்களை மட்டும் மூன்று வருடமாவது பத்திரமாக வையுங்கள்.

மனதில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆசியான் ஒப்பந்தம் 2009இல் தாய்லாந்தின் சா-ஆமில் கையெழுத்தாகி 2010 முதல் நடப்பில் இருக்கிறது. பேசி முடிக்க எத்தனை அதிகாரிகள், எத்தனை வருடம், எவ்வளவு பயிற்சி! வளரும் நாடுகளுக்கு இந்தத் திறன் வேண்டும் என்று உலக அளவில் உதவியும் கொடுக்கிறார்கள். 2017இல் நடப்புக்கு வந்த உலக வணிக அமைப்பின் வர்த்தக எளிதாக்க உடன்பாட்டில், எதை உடனே செய்ய முடியும், எதற்கு அவகாசம் வேண்டும், எதற்கு உதவியும் சேர்ந்து வேண்டும் என்று நாடுகளே பிரித்துச் சொல்லலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் சலுகை கடைசியில் வந்து நிற்பது எங்களைப் போன்றவர்களின் அடுக்களையில். மூட்டை எழுத்தை நம்பி இரண்டு எழுத்தைத் தவறாகப் போட்டால் அத்தனை பேரின் உழைப்பும் எனக்கு ஒரு பயனும் தரவில்லை. வட்டாரத்துக்கு ஒருவராவது, தமிழிலும் மலாயிலும், உட்கார்ந்து ஒரு செலவுக் கணக்கு போட்டுக் காட்ட வேண்டும். எங்கே தடுக்கி விழுகிறோம் என்பதை அவர் மேலே சொன்னால், அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்களுக்கும் அது உதவும்.

இப்போது என் செலவுக் கணக்கு ஒப்புதலோடு இருக்கிறது. தவுக்கே மகள் ஒவ்வொரு மாதமும் கேட்காமலே சீனி ரசீதை அனுப்பிவிடுகிறாள். அடுத்த லோரி வெள்ளிக்கிழமை, எண்பது பெட்டி.